ஆற்றுக்கு அந்தப் பக்கம் மூன்றாவது ஆட்டம்

அன்று எங்கள் பெஞ்சில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆட்டக்காரர்கள் பன்னிரண்டு பேர். கோச் மேடம். காலுக்குக் கட்டுப் போடும் பிசியோ பெண். கடைசி நாற்காலியில் மேனேஜர் என்ற பெயரில் நான். எதிரே கேலரி நிறைய ஸ்ரீரங்கம். அந்தக் கூட்டத்துக்கு நடுவில், எங்கள் ஆட்டக்காரன் பார்த்தசாரதியின் அப்பாவும் அம்மாவும். வராமல் இருந்தவர் முதலாளி மட்டும்தான். தான் வெளி ஆட்டத்துக்குப் போனால் அணி தோற்கும் என்பது அவர் நம்பிக்கை. அதனால் பாலக்கரையில் தன் பம்புசெட் கடையிலேயே இருந்துவிட்டார்.

நம் கூடைப்பந்து லீக்கில் புதிதாக மேனேஜர் வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளே, இந்த வேலைக்குப் படிப்பு வேண்டுமா என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறீர்கள். நான் எட்டாவதோடு நிறுத்தியவன். லாரி பார்சல் ஆபீசில் மூட்டைக்குச் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். கவலைப்பட அங்கேதான் கற்றுக்கொண்டேன். லாரி கிளம்பினால் பஞ்சர் ஆகுமோ, மழை பெய்தால் தார்ப்பாய் ஒழுகுமோ, சரக்கு போய்ச் சேர்ந்தாலும் வாங்குகிறவன் கடையைப் பூட்டியிருப்பானோ என்று ராத்திரியெல்லாம் புரளுவேன். அணிக்கு வந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. மூட்டைக்குப் பதில் ஆட்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த வருஷம் அரையிறுதியில் எங்களுக்கு வாய்த்தது ஸ்ரீரங்கத்து அணி. மூன்று ஆட்டத் தொடர், இரண்டில் ஜெயித்தவர் ஃபைனலுக்குப் போகலாம். பட்டியலில் அவர்கள் எங்களுக்கு மேலே இருந்தார்கள். அதனால் முதல் ஆட்டம் எங்கள் கோர்ட்டில். இரண்டாவதும், தேவைப்பட்டால் மூன்றாவதும் அவர்கள் கோர்ட்டில். தொடர் தொடங்கும் முன்பே முதலாளி எங்களைக் கடைக்குக் கூப்பிட்டுப் பட்டென்று சொல்லிவிட்டார்.

"பைனல் வந்தா அடுத்த வருஷம் டீம் இருக்கு. வரலைன்னா இதோட சரிங்க. நானும் எத்தன மோட்டார் வித்துத்தான் இதுல போடுறது?"

பன்னிரண்டு பேரின் சம்பளம், கோச்சின் சம்பளம், என் சம்பளம், எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் தொங்கியது.

முதல் ஆட்டம் பாலக்கரைப் பக்கம் எங்கள் கோர்ட்டில். தகரக் கூரை, தகரச் சுவர். அவர்கள் பந்தைக் கையில் எடுத்தாலே நம் ஜனங்கள் தகரத்தைத் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள். உள்ளே இருப்பவனுக்குத் தன் கோச் கத்துவதும் கேட்காது, தன் மூச்சும் கேட்காது. அவர்களுடைய கேப்டன் கண்ணன் நிதானமான பையன். அவனே ஒரு தடவை பந்தை நேராக வெளியே எறிந்துவிட்டு, யாரிடம் எறிந்தோம் என்று தேடினான். அன்று சுளுவாக ஜெயித்தோம். தகரம் தட்டிய கைகளெல்லாம் சிவந்து போயிருந்தன.

இரண்டாவது ஆட்டத்தில் நாங்கள் வாங்கிய அடியைத்தான் நீங்கள் ஊன்றிக் கேட்க வேண்டும்.

சேலமோ மதுரையோ போவதென்றால் முந்தின நாளே வண்டி, தங்குமிடம், சாப்பாடு என்று எல்லாம் ஒழுங்காக நடக்கும். இது ஸ்ரீரங்கம். காவிரிப் பாலம் தாண்டினால் வந்துவிட்டது. டவுன் பஸ் போகிற தூரத்துக்கு யார் வண்டி பிடிப்பார்கள்? அவரவர் வீட்டிலிருந்து அவரவர் வந்துவிடுவது என்று பேசிக்கொண்டோம். உறையூரிலிருந்து ஒருவன் பைக்கில் மனைவியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு வந்து, அவர்களுக்கு இடம் பிடித்து உட்கார வைத்துவிட்டு வியர்வையோடு உள்ளே நுழைந்தான். ஒருவன் பாலத்து நெரிசலில் மாட்டி, வண்டியை ஓரமாகப் பூட்டி வைத்துவிட்டு ஓடி வந்தான். இன்னொருவன் மச்சானுக்கு பாஸ் கிடைக்கவில்லை என்று ஆட்டம் தொடங்கும் வரை வாசலில் போனும் கையுமாக நின்றான். வீட்டுத் தொல்லைகள் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு எதிராளி கோர்ட்டுக்குள் போனோம். சொந்த ஊரின் பாரம் இருந்தது, பலம் இல்லை.

இதில் பெரிய அடி பார்த்தசாரதிக்கு. அவனுக்கு வீடே ஸ்ரீரங்கம்தான். அந்தக் கோர்ட்டிலிருந்து இரண்டு தெரு. "ஆத்துல சாப்ட்டுட்டு வந்துடறேன் சார்" என்று போனவன், அக்காரவடிசல் வரைக்கும் ஒரு பிடி பிடித்துவிட்டு, அத்தை, சித்தப்பா, எதிர்வீட்டு மாமா என்று எல்லோருக்கும் பதில் சொல்லிவிட்டு வந்தான். அந்தக் கூட்டத்துக்கு அவன் பார்த்தசாரதி இல்லை. டிரவுசர் போட்ட காலத்திலிருந்து தெரிந்த பாச்சு. கடைசிக் குவார்ட்டரில் அவனை ஃபவுல் செய்து, யாரும் மறிக்காமல் வளையத்துக்குப் பந்து எறிகிற ஃப்ரீ த்ரோ கோட்டில் நிறுத்தினார்கள். கேலரி எழுந்தது.

"பாச்சு! ஆத்துக்கு வா, அம்மா கூப்பிடறா!"

"பாச்சு! ஹோம் ஒர்க் பண்ணியாச்சா?"

நம் லீக்கிலேயே ஃப்ரீ த்ரோவுக்குப் பேர்போன கை அது. அன்று ஒன்று கூட வளையத்துக்குள் போகவில்லை. ஒரு பந்து வளையத்தையே தொடவில்லை. படுதோல்வி.

மறுநாள் காலை எங்கள் கோர்ட்டில் கோச் மேடம் தனியாக உட்கார்ந்து பலகையில் ஆட்டக்காரர்களுக்குப் பதில் வைத்த காந்தக் குண்டுகளை நகர்த்திக்கொண்டிருந்தார். என்னைவிட எத்தனையோ வயது சின்னவர். ஆனால் இந்த ஆட்டத்தில் நான் கற்றதில் பாதி அவரிடம்தான்.

"அண்ணே, சாரதியைக் கடைசிக் குவார்ட்டர்ல உக்கார வைக்கலாம்னு பாக்குறேன்."

"அவனை உக்கார வச்சுட்டு யாரை வச்சு ஜெயிக்கிறது மேடம்?"

"அவனை ஆட வச்சும் ஜெயிக்கலையே."

ராத்திரி முழுக்கப் புரண்டதில் ஒன்று மட்டும் புரிந்திருந்தது. அதைச் சொன்னேன்.

"மேடம், நாம ஊரை விட்டுப் போயிடணும்."

"மேட்ச் நாளைக்கு மறுநாள் சாயந்தரம்ணே. எங்க போறது?"

"எங்கயாவது. வெளியூர்லேர்ந்து ஆட வர்றவன் மாதிரி வரணும். வீட்லேர்ந்து கிளம்பி வரக்கூடாது."

"ஆத்துக்கு அந்தப் பக்கம் ஆடறதுக்கு ஊரை விட்டுப் போறதா? கேக்கறவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். தோத்துட்டா அழறதுக்கும் ஆள் இருக்க மாட்டாங்க."

அவர் சிரித்துவிட்டார். முதலாளியிடம் ஓட்டல் காசு கேட்டால் அங்கேயே டீமைக் கலைத்துவிடுவார் என்ற பயம் எங்கள் இருவருக்கும் இருந்தது. திருவெள்ளறையில் ஒரு கல்யாண மண்டபத்துக்காரர் எனக்குப் பார்சல் ஆபீஸ் பழக்கம். போன் போட்டேன். மாடி அறைகள் சும்மாதான் கிடக்கின்றன, தங்கிக்கொள்ளுங்கள் என்றார். அமைதியான ஊர், சுற்றி வயல், பெருமாள் கோயில், தொந்தரவே இருக்காது என்று நான் மேடத்திடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். ஆட்டத்துக்கு முந்தின நாள் மதியம் ஒரே வேனில் எல்லோரையும் ஏற்றி, போன்களை ஒரு பையில் வாங்கிப் போட்டுக்கொண்டு, காவிரியையும் கொள்ளிடத்தையும் தாண்டிப் போனோம். ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் தெரிந்ததும் பையன்கள் கப்சிப்.

மண்டப வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது.

அடுத்த நாள் காலை முகூர்த்தம். அன்று மாலை மாப்பிள்ளை அழைப்பு. மண்டபத்துக்காரர் மாடி சும்மா இருக்கிறது என்றுதான் சொல்லியிருந்தார். கீழே என்ன இருக்கிறது என்று நானும் கேட்கவில்லை. ஆயிரம் விஷயத்துக்குக் கவலைப்படுகிறவன் இந்த ஒன்றை விட்டிருந்தேன். நாங்கள் பைகளை இறக்கும்போதே வாசலில் நாதஸ்வரமும் தவிலும் ஆரம்பித்துவிட்டன. வேன் கண்ணாடி அதிர்ந்தது. மேடம் என்னைப் பார்த்தார்.

"அமைதியான ஊர்னு சொன்னீங்களே அண்ணே."

திரும்பிப் போய்விடலாமா, வேறு எங்கே போவது, டீசல் இருக்கிறதா என்று மனசு எட்டுத் திசையிலும் ஓடியது. வேனைத் திருப்பச் சொல்ல வாயைத் திறந்தேன். மேடம் கையைக் காட்டித் தடுத்தார். தவில்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மண்டபத்துக்குப் பக்கத்து மைதானத்தில் வலை இல்லாமல் நின்ற ஒற்றை வளையத்தைப் பார்த்தார்.

"சாரதி, பந்தை எடுத்துட்டு வா."

மேளம் ஓய்ந்த நேரம் பார்த்து நானே தவில்காரரிடம் போய்க் கெஞ்சினேன். பெரிய மனுஷர், தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"என்னங்க, பந்து போடுற பையனுக்கு மேளமா? எதுக்கு?"

"அவன் பந்தைத் தூக்குறப்ப நீங்க கெட்டிமேளம் அடிக்கணும்."

"கெட்டிமேளம் தாலி கட்டுறப்பதாங்க. கண்ட நேரத்துக்கு அடிக்க மாட்டேன். வேணும்னா சும்மா வெளுத்துக் கட்டுறேன். காது போனா என்னைக் கேக்காதீங்க."

சாரதி கோட்டில் நின்றான். அவனுக்குப் பின்னால், முதுகில் படாத குறையாகத் தவில். முதல் பந்து வளையத்தில் பட்டு வயலுக்குப் போனது. அடுத்ததும் அப்படியே. கல்யாணக் கூட்டம் வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. பெண்ணின் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தார்.

"எங்க காசுக்கு மேளம், உங்க பையனுக்கு அடிக்கிறதா?"

மேடம் அவரிடம் பணிவாகச் சொன்னார். "அண்ணே, இவன் பேரு பாச்சு. இவன் பந்து போடுறப்பல்லாம் அந்தப் பேரைச் சொல்லிக் கிண்டல் பண்ணனும். உங்க குரல் நல்லா கணீர்னு இருக்கு."

தாய்மாமனுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள், முன்னாலேயே வந்திருந்த மாப்பிள்ளைத் தோழர்கள், எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். "பாச்சு, என்னைக் கட்டிக்கிறியா?" என்றாள் ஒரு கிழவி. தவில் வெளுத்துக் கட்டியது. சாரதி முதலில் பல்லைக் கடித்தான். பிறகு காது சிவந்தான். எப்போது என்று தெரியவில்லை, நடுவில் ஒரு நேரம் சிரிக்க ஆரம்பித்தான். சிரித்த பிறகு பந்து உள்ளே விழ ஆரம்பித்தது. ஒவ்வொன்றுக்கும் கல்யாண வீடே கைதட்டியது. மாப்பிள்ளை ஊருக்குள் நுழைந்தபோது அவரை அழைக்க வாசலில் ஆளே இல்லை. அத்தனை பேரும் மைதானத்தில் இருந்தார்கள்.

அன்று என் போனுக்கு சாரதியின் அம்மா கூப்பிட்டார். மற்றவர்களின் போன்தான் பையில் இருந்ததே.

"அவன் சாப்ட்டானா?"

"சாப்ட்டான் மாமி. கல்யாணச் சாப்பாடு."

"நாளைக்கு நான் எந்தப் பக்கம் உக்காரணும்னே தெரியலை. தெருவே அந்தப் பக்கம் உக்காந்திருக்கும். நான் மட்டும் உங்க பக்கம் வந்தா நன்னாவா இருக்கும்?"

"எங்க வேணா உக்காருங்க மாமி. அவன் கண்ணுல படாம உக்காருங்க."

மறுநாள் மாலை கொள்ளிடம் தாண்டி, வடக்கே இருந்து ஸ்ரீரங்கத்துக்குள் நுழைந்தோம். அத்தனை வருஷம் அந்த ஊரைப் பார்த்திருக்கிறேன், அன்று எனக்கே வெளியூர் மாதிரி இருந்தது. ஒரே வேனிலிருந்து பன்னிரண்டு பேரும் வரிசையாக இறங்கினார்கள். யாருக்கும் பாஸ் தேட வேண்டியதில்லை, யார் வீட்டுக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டம் ஒன்றுதான் வேலை.

அன்று நடந்த ஆட்டத்தை நினைத்தால் இப்போதும் என் கால் ஆடுகிறது. ஒரு கூடை அவர்கள் போட்டால் ஒரு கூடை நாங்கள். முதல் குவார்ட்டரிலேயே சாரதியைக் கோட்டில் நிறுத்தினார்கள். "பாச்சு!" என்று கேலரி அதிர்ந்தது. அவன் கேலரியைப் பார்த்துப் புன்னகை செய்துவிட்டு இரண்டையும் உள்ளே போட்டான். மறுபடி நிறுத்தினார்கள், மறுபடி இரண்டு. எங்கள் பெஞ்ச் துள்ளியது. நானும் துள்ளினேன். மூன்றாவது குவார்ட்டரில் ரெஃப்ரி ஓடி வந்து என் மூக்குக்கு நேரே விரலை நீட்டினார்.

"சார், உக்காருங்க. பெஞ்ச்ல கோச் மட்டும்தான் நிக்கலாம். இன்னொரு தடவை எழுந்தீங்கன்னா டெக்னிக்கல்."

டெக்னிக்கல் என்றால் அவர்களுக்கு சும்மாவே ஒரு ஃப்ரீ த்ரோ. நாற்காலியின் இரு பக்கமும் கையால் பிடித்துக்கொண்டேன். என் பின்பக்கம் எழுந்துவிடுமோ என்று எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை.

கடைசி நிமிஷம். ஸ்கோர் சமம். கடிகாரத்தில் ஒற்றை இலக்க விநாடிகள். சாரதி இருவருக்கு நடுவில் புகுந்து எழும்பினான், கையில் அடி விழுந்தது, விசில். இரண்டு ஃப்ரீ த்ரோ. நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன், கத்துங்கடா, எவ்வளவு வேண்டுமானாலும் கத்துங்கள், இவன் தவிலுக்கே அசையாதவன்.

அப்போதுதான் அவர்கள் கேப்டன் கண்ணன் அதைச் செய்தான். அவனும் சாரதியும் ஒரே தெருவில் பந்தாடி வளர்ந்தவர்கள். அன்று முழுக்க அவன் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான், சத்தம் வர வர இவன் சிரிப்பதை. கோர்ட்டின் நடுவே நின்று கேலரியைப் பார்த்து இரண்டு கைகளையும் கீழே அமுக்கிக் காட்டினான். விரலை உதட்டில் வைத்தான்.

ஸ்ரீரங்கம் அடங்கியது.

அப்படி ஒரு அமைதியை நான் எந்தக் கோர்ட்டிலும் கேட்டதில்லை. மின்விசிறி சுற்றுவது கேட்டது. சாரதி பந்தைத் தரையில் தட்டியது தனியாக, பெரிதாகக் கேட்டது. அவன் தலையைத் திருப்பிக் கேலரியைப் பார்த்தான். அங்கே சிரிக்க ஒன்றும் இல்லை. தெரிந்த முகங்கள் அத்தனையும் வாயை மூடிக்கொண்டு அவனையே பார்த்தன. பந்தை எறிந்தான். வளையத்தின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே விழுந்தது.

இன்னும் ஒன்று.

மேடத்தின் முகத்தைப் பார்த்தேன், வெளுத்திருந்தது. டைம் அவுட் எல்லாம் தீர்ந்துவிட்டிருந்தது. நாங்கள் சத்தத்துக்குத் தயார் செய்த பையனை அவர்கள் மௌனத்தால் அடித்துவிட்டார்கள். நாம் தயாராவது எப்போதும் போன ஆட்டத்துக்குத்தான் தம்பிகளே. அடுத்த ஆட்டம் அங்கே நின்றுகொண்டு நம்மைப் பார்த்துச் சிரிக்கும். அந்த நேரத்தில் கையில் என்ன இருக்கிறதோ அதை எடுக்க வேண்டியதுதான்.

என் கையில் நாற்காலி இருந்தது. அதை விடாமல் பிடித்துக்கொண்டேன். பெஞ்சிலிருந்து கத்தினால் என்ன தண்டனை என்று சத்தியமாக எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. ரெஃப்ரி பந்தைச் சாரதியிடம் கொடுக்கப் போனார். அதற்குள், உட்கார்ந்தபடியே, என் தொண்டையில் இருந்த மொத்த உயிரையும் கூட்டி,

"டேய் பாச்சு! வீட்டுக்கு வாடா, அம்மா கூப்புடுறாங்க!" என்றேன்.

அந்த நிசப்தத்தில் அது எல்லாக் காதுக்கும் போனது. எங்கள் பையன்களே திரும்பி என்னைப் பார்த்தார்கள். அடுத்த நொடி கேலரியின் நடுவிலிருந்து ஒரு பெண் குரல், படபடப்பாக:

"நான் கூப்பிடலைடா! நீ ஆடு!"

சாரதியின் அம்மா எழுந்து நின்றிருந்தார். பக்கத்தில் அவன் அப்பா அவர் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். யாரோ குபீரென்று சிரித்தார்கள். பிறகு அந்த வரிசை, பிறகு கேலரி முழுவதும். கண்ணன் கையை அமுக்கி அமுக்கிப் பார்த்தான், இனி அது அடங்காது. அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பெஞ்ச் "பாச்சு! பாச்சு!" என்று தொடையில் தாளம் போட்டது. ரெஃப்ரி என்னை முறைத்தார். நான் என் பின்பக்கம் நாற்காலியில் இருப்பதைக் கையால் சுட்டிக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பந்தைக் கொடுத்தார்.

சாரதி தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான். சிரிப்பு அடங்கும் வரை கூடக் காத்திருக்கவில்லை. பந்து வளையத்தைத் தொடாமல் வலைக்குள் இறங்கியது.

ஒரு பாயின்ட் முன்னால். கண்ணன் பாதி கோர்ட்டிலிருந்து எறிந்தான். பந்து மேலே போனது, போய்க்கொண்டே இருந்தது, என் ஆயுளில் பாதி அது மேலே இருந்தபோதே போய்விட்டது. பலகையில் பட்டு, வளையத்தின் விளிம்பில் பட்டு, வெளியே விழுந்தது. மணி அடித்தது.

எழுந்தேன். இனி எழலாம் அல்லவா. யார் யாரைக் கட்டிப் பிடித்தேன் என்று தெரியாது. ரெஃப்ரியையும் கட்டிப் பிடித்ததாகப் பிற்பாடு சொன்னார்கள். மேடம் பலகையில் இருந்த காந்தக் குண்டுகளை அள்ளி மேலே எறிந்தார். சாரதியைப் பையன்கள் தூக்கினார்கள். கேலரியில் பாதிப் பேர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள், மீதிப் பேர் தங்கள் தெருப் பிள்ளைக்குக் கைதட்டினார்கள். கண்ணன் வந்து அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "ஆத்துக்கு வா, பேசிக்கறேன்" என்றான்.

அந்த ஆரவாரத்துக்கு நடுவில் என் பையில் போன் துடித்தது. முதலாளி. ஒரு காதைப் பொத்திக்கொண்டு எடுத்தேன்.

"ஒண்ணும் கேக்கலீங்க முதலாளி! ஒரே சத்தமா இருக்கு!"

"எனக்குக் கேக்குதுய்யா" என்றார் அவர். "கடையைச் சாத்திட்டு போன்லதான் லைவ் பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க கத்துனதும் கேட்டுச்சு."

"மன்னிச்சிருங்க முதலாளி, வேற வழி தெரியலை."

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது. ஒருவேளை ஃபைனல் வந்தாலும் டீமைக் கலைக்கத்தான் போகிறாரோ என்று எனக்கு அந்த ஆனந்தத்திலும் ஒரு பயம் வந்துவிட்டது.

"முதலாளி, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். அடுத்த வருஷ ஜெர்சிக்கு எல்லாருக்கும் அளவு எடுத்துருங்க" என்றார். "பின்னாடி என்ன பேரு போடணும்னு மட்டும் அந்தப் பையனையே கேட்டுக்குங்க. பார்த்தசாரதியா, பாச்சுவான்னு."

கேட்டேன். தோளில் தூக்கியவர்கள் இறக்கிவிடும் வரை பொறுக்காமல், மேலே இருந்தே அவன் கத்தினான்:

"பாச்சுன்னே போடுங்கோ சார்! இந்த ஊர்ல வேற எந்தப் பேர்ல என்னைத் தெரியும்?"